பிள்ளையைச் சாக்கிட்டுப் பேசும் நாடுகள்

தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வெளிநாட்டுத் தத்து பற்றிய தன் முடிவுகளை 2025 மார்ச்சில் வெளியிட்டபோது, அவற்றோடு ஒரு பழைய புகைப்படமும் வெளிவந்தது. 1984இல் டென்மார்க்குக்குப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற விமானத்தின் உட்புறம் அதில் தெரிகிறது. பெரியவர்கள் உட்காரும் இருக்கைகளில் கைக்குழந்தைகளைக் கிடத்தி, வாரால் கட்டியிருக்கிறார்கள். இருக்கைகள் அவர்களின் அளவுக்கு மிகப் பெரியவை.

இன்னொரு விமானம் 2010 ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்து பத்து மணி நேரம் பறந்து மாஸ்கோவில் இறங்கியது. அதில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தனியாக வந்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அவனைத் தத்தெடுத்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், இந்தப் பிள்ளையை இனி வளர்க்க விரும்பவில்லை என்று எழுதிய கடிதத்தோடு அவனை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். விமான நிலையத்தில் காத்திருந்த ஒருவர், 200 டாலர் கூலிக்கு ஒத்துக்கொண்டபடி, அவனை ரஷ்யக் கல்வி அமைச்சகத்துக்கு அழைத்துச்சென்று ஒப்படைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது விமானத்தைப் பற்றி ரஷ்ய அதிபர் மெத்வெதேவ் அமெரிக்கத் தொலைக்காட்சியிலேயே கடுமையாகப் பேசினார். தத்துகளை நிறுத்திவைக்க வேண்டும் என்றார் வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ். பதினைந்து மாதங்களில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முதல் விமானத்துக்காக எந்தத் தூதரும் அழைத்து விசாரிக்கப்படவில்லை. அதில் போன பிள்ளைகள் வளர்ந்து, தாங்களே சியோலுக்கு வந்து தங்கள் கோப்புகளைக் கேட்கும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது ஒரு வழக்கமான பயணமாகவே இருந்தது.

கடந்த சில மாதங்களாக இது குறித்த தீர்ப்புகளையும் அறிக்கைகளையும் படித்துவருகிறேன். எல்லை தாண்டிய தத்துத் தகராறுகளில் எழும் கூச்சலின் அளவுக்கும் பிள்ளைகளுக்கு நேர்ந்த தீங்கின் அளவுக்கும் தொடர்பே இல்லை என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். அந்தக் கூச்சல் அளந்து காட்டுவது, அந்த நேரத்தில் இரண்டு அரசுகளுக்கும் இடையே என்ன உறவு இருந்தது என்பதைத்தான்.

ஒரு நாட்டுக்குள் நடக்கும் தத்தில் பிள்ளையின் பெற்றோர் மாறுகிறார்கள், பெரும்பாலும் பெயரும் மாறுகிறது. எல்லை தாண்டும்போது கூடுதலாக ஒன்று நடக்கிறது: பிள்ளையைத் தன் குடிமகன் என்று சொல்லிக்கொள்ள இரண்டு அரசுகளுக்கு உரிமை வந்துவிடுகிறது. ரஷ்யச் சட்டப்படி, வெளிநாட்டவர் தத்தெடுத்த பிள்ளையின் ரஷ்யக் குடியுரிமை அப்படியே தொடர்கிறது. அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டுக் குழந்தைக் குடியுரிமைச் சட்டமோ, முறைப்படி தத்தெடுக்கப்பட்டு நாட்டுக்குள் வந்து சேரும் பிள்ளையை உடனே அமெரிக்கக் குடிமகனாக்கிவிடுகிறது. எனவே, ஒரு வீட்டில் பிள்ளைக்கு அடி விழுந்ததாகத் தெரிந்தால், என் நாட்டுப் பிள்ளையை நான் பார்க்க வேண்டும் என்று ரஷ்யத் துணைத் தூதர் கேட்பார்; அது எங்கள் நாட்டுப் பிள்ளை, எங்கள் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று அமெரிக்கத் தரப்பு பதில் சொல்லும். இரண்டு பதில்களும் சட்டப்படி சரியானவையே.

அமெரிக்காவில் குடும்ப வழக்குகள் மாநில நீதிமன்றங்களுக்கு உரியவை என்பதும் இந்தச் சிக்கலை முறுக்கிவிட்டது. வெளியுறவு அமைச்சர் ஹிலரி கிளின்டன் மாஸ்கோவிடம் என்ன வாக்குறுதி கொடுத்தாலும், டென்னசியில் இருக்கும் ஒரு நீதிபதிக்கு அவரால் உத்தரவிட முடியாது. அதிபர் சொன்னால் எல்லாம் நடக்கும் என்று பழகிய ஓர் அரசுக்கு இது சாக்குப்போக்காகத்தான் தெரிந்திருக்கும். இதைச் சமாளிக்கவே 2011 ஜூலையில் கிளின்டனும் லாவ்ரோவும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட முகமைகள் வழியாகவே தத்து நடக்க வேண்டும், பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு அதன் நிலை குறித்து அறிக்கைகள் வர வேண்டும் என்பது போன்ற, படிக்கச் சலிப்பூட்டும் விதிகள் அதில் இருந்தன. என் கணக்கில், இந்த நீண்ட கதையில் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன்பட்டிருக்கக்கூடிய ஆவணம் அது ஒன்றுதான். அது 2012 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதங்கள்தான் தாங்கியது.

அதைக் குலைத்தது பிள்ளைகள் தொடர்பான எந்த நிகழ்வும் அல்ல. மாஸ்கோ சிறையில் 2009இல் இறந்த வரி ஆலோசகர் செர்கெய் மாக்னிட்ஸ்கியின் பெயரால், மனித உரிமை மீறல்களில் ஈடுபட்ட ரஷ்ய அதிகாரிகள் மீது தடை விதிக்கும் சட்டத்தில் ஒபாமா 2012 டிசம்பர் 14 அன்று கையெழுத்திட்டார். ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையான டூமா ஒரு பதிலடிச் சட்டத்தைக் கையில் எடுத்தது. முதல் வாசிப்பின்போது அது அமெரிக்க அதிகாரிகளுக்கு எதிரான பயணத் தடையாகத்தான் இருந்தது. அமெரிக்கர்கள் ரஷ்யப் பிள்ளைகளைத் தத்தெடுக்கக் கூடாது என்ற பிரிவு அடுத்த வாசிப்பில் திருத்தமாக நுழைந்தது. இது சரியல்ல என்று லாவ்ரோவே வெளிப்படையாகச் சொன்னார். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் மை அப்போதுதான் உலர்ந்திருந்தது. ஆனாலும் 420 பேர் ஆதரித்தும் ஏழு பேர் எதிர்த்தும் வாக்களிக்க, சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 28 அன்று புதின் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு குழந்தையின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். திமா யாகவ்லெவ் 2008 கோடையில் விர்ஜீனியாவில் இறந்தவன்; அமெரிக்காவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த, இரண்டு வயதும் நிரம்பாத அவனை வளர்ப்புத் தந்தை காருக்குள் மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்; நீதிமன்றம் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. ரஷ்யர்களுக்கு அந்தத் தீர்ப்பு ஏற்படுத்திய கசப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் நான்கு ஆண்டுகள் அந்தப் பெயர் கோப்பில் கிடந்தது. ரஷ்ய அதிகாரிகளின் வங்கிக் கணக்குகள் முடங்கும் என்ற நிலை வந்தபோது அதை வெளியே எடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து சுமார் 60,000 ரஷ்யப் பிள்ளைகள் அமெரிக்கா போயிருக்கிறார்கள். அவர்களுள் இறந்தவர்கள் என ரஷ்ய அதிகாரிகள் காட்டிய கணக்கு இருபதையொட்டியது. ஒவ்வொரு சாவும் சாவுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கை வைத்து வாதாடியவர்கள், தங்கள் நாட்டுக் காப்பகங்களில் இறக்கும் பிள்ளைகளின் கணக்கை அதன் பக்கத்தில் வைக்கவே இல்லை.

ஓர் அரசு இன்னொன்றைத் தண்டிக்க நினைத்தால் எரிவாயுவை நிறுத்தலாம், இறக்குமதியைத் தடுக்கலாம், தூதர்களை வெளியேற்றலாம். ஒவ்வொன்றுக்கும் உள்நாட்டில் யாராவது நட்டப்படுவார்கள், முணுமுணுப்பார்கள். காப்பகத்துப் பிள்ளைக்காக முணுமுணுக்க யாரும் இல்லை. செலவே இல்லாத ஆயுதம் அது. ஆனாலும் 2013 ஜனவரி 13 அன்று கடும் குளிரில் மாஸ்கோ வீதிகளில் பல்லாயிரம் பேர் இந்தச் சட்டத்துக்கு எதிராக நடந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் அரசின் செயலை அந்த நாட்டு மக்கள் தலையில் ஏற்றிப் பேசும் பழக்கம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது.

அடுத்த சில வாரங்களில் நடந்தது எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. ரஷ்யாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு டெக்சஸில் வளர்ந்த மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஜனவரியில் இறந்தான். விசாரணை முடிவதற்கு முன்பே, ரஷ்யாவின் குழந்தை உரிமை ஆணையர் பாவெல் அஸ்தாகொவ் அது கொலை என்று அறிவித்தார். டூமா எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியது. பிறகு மருத்துவ ஆய்வு அதை விபத்து என்றது, யார் மீதும் வழக்குப் பதிவாகவில்லை. துயரத்துக்குக்கூட அறிக்கை வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் போயிற்று.

தத்துக்கு விண்ணப்பித்துப் பிள்ளைகளை நேரில் பார்த்துப் பழகியும்விட்ட அமெரிக்கத் தம்பதிகள் சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017 ஜனவரியில் வந்த அந்தத் தீர்ப்பில் பிள்ளைகளுக்குப் பெயர் இல்லை, முதலெழுத்துகள்தான் உண்டு. அவர்களுள் பலர் உள்நாட்டில் யாரும் எடுத்து வளர்க்க முன்வராத, தொடர் மருத்துவம் தேவைப்படும் பிள்ளைகள். தத்து நடைமுறை எவ்வளவு தூரம் முன்னேறியிருந்தது என்று பார்க்காமல், விண்ணப்பித்தவர் அமெரிக்கர் என்ற ஒரே காரணத்துக்காகக் கதவை அடைத்தது பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு தம்பதிக்கும் 3,000 யூரோ இழப்பீடு. பிள்ளைகள் அந்த வழக்கில் தனித் தரப்பாகவே கருதப்படவில்லை. அவர்கள் சார்பில் பேச இந்தத் தம்பதிகளுக்குச் சட்டப்படியான தகுதி இல்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

இதற்கிடையே 'தத்து' என்ற சொல் இரு நாட்டு அரசியலில் வேறொரு பொருளைப் பெற்றுவிட்டது. 2016 ஜூனில் நியூயார்க்கின் டிரம்ப் கோபுரத்தில் டிரம்பின் மகன் ரஷ்ய வழக்கறிஞர் ஒருவரைச் சந்தித்தது ஓராண்டு கழித்து வெளியானபோது, பேசியது பெரும்பாலும் ரஷ்யப் பிள்ளைகளின் தத்து பற்றித்தான் என்று முதலில் விளக்கம் தரப்பட்டது. விவரம் தெரிந்தவர்கள் அதைப் பொருளாதாரத் தடைகளைப் பற்றிய பேச்சு என்றே புரிந்துகொண்டார்கள். இடக்கரடக்கலுக்குப் பள்ளிக்கூடத்தில் இப்படியோர் எடுத்துக்காட்டை யாரும் சொல்லித்தரவில்லை.

இனி அந்த முதல் விமானத்துக்குத் திரும்புகிறேன். கொரியப் போருக்குப் பின் தொடங்கி, சுமார் இரண்டு லட்சம் பிள்ளைகளைத் தென் கொரியா வெளிநாடுகளுக்கு அனுப்பியது. உச்சம் தொட்ட 1985இல் மட்டும் 8,800 பேருக்கு மேல். போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கடந்திருந்த காலம் அது. நாடு தொழில்வளத்தில் பாய்ந்து முன்னேறிக்கொண்டிருந்தது. அப்போதும் பிள்ளைகள் ஆவணங்களில் அனாதைகளாகவே போனார்கள்.

எப்படி என்பதற்கு ஒரு தாள் போதும். கொரியாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஹோஜுக் எனப்படும் குடும்பப் பதிவேடு இருந்தது. தாய் தந்தையின் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருந்தால், விசாவுக்கு அவர்களின் ஒப்புதல், விசாரணை என்று வேலை நீளும். எனவே முகமைகள் பிள்ளைக்குத் தனியாகவே ஒரு பதிவேட்டை உருவாக்கின. அதில் ஒரே ஓர் உறுப்பினர், அவரே குடும்பத் தலைவர்: பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை. பெற்றோர் என்ற இடத்தில் ஒன்றும் இருக்காது. பக்கத்து ஊரிலேயே தாய் உயிரோடு இருக்கலாம். மருத்துவமனையில் பிள்ளை இறந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பப்பட்டவளாகவும் அவள் இருக்கலாம். அனுப்ப வேண்டிய பிள்ளை இறந்துவிட்டாலோ உறவினர் வந்து மீட்டுக்கொண்டாலோ, அதே ஆவணங்களோடு வேறொரு பிள்ளையை ஏற்றி அனுப்பியதும் உண்டு. புகார் அளித்த 367 பேரில் முதற்கட்டமாக 56 பேரை மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்களாக ஆணையம் அறிவித்தது. 2025 அக்டோபரில் அதிபர் லீ ஜே-மியுங் மன்னிப்புக் கேட்டார்.

வாஷிங்டனிலோ கோபன்ஹேகனிலோ ஸ்டாக்ஹோமிலோ விசா முத்திரை குத்தியவர்களுக்கு இது எதுவும் தென்படவில்லையா? ஆயிரக்கணக்கான பதிவேடுகள் ஒரே அச்சில், ஒரே தனிக் குழந்தையோடு வந்தபோது சந்தேகம் வராமல் இருந்திருக்காது என்பது என் கருத்து. ஆனால் கொரியா பனிப்போர்க் காலக் கூட்டாளி. அங்கே அமெரிக்கப் படை நின்றிருந்தது. பெறும் நாடுகளில் பிள்ளைக்காகக் காத்திருந்த குடும்பங்களின் வரிசை நீண்டிருந்தது. கொடுக்கும் நாட்டின் ராணுவ ஆட்சிக்குச் சோறு போட வேண்டிய வாய்கள் குறைந்தன. இரு தரப்புக்கும் ஆதாயம் இருக்கும் இடத்தில் யார் வாய் திறப்பார்கள்? வாய் திறந்தது வட கொரியாதான், அதுவும் தன் ஆதாயத்துக்காக. தெற்கு தன் பிள்ளைகளை வெள்ளைக்காரர்களுக்கு விற்கிறது என்று எழுபதுகளில் அது பிரச்சாரம் செய்தபோது, சியோல் கூசிப்போய் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கு அனுப்புவதைச் சிறிது காலம் நிறுத்தியது. அந்த நாடுகளின் தூதர்கள் கேட்டுக்கொண்டதும் மறுபடி தொடங்கியது. நட்பு நாடுகளுக்கிடையே தத்துக்காகத் தூதரக அழுத்தம் தரப்பட்டது அனுப்பு என்று கேட்கத்தான், விசாரி என்று கேட்க அல்ல. பிறகு 1988 சியோல் ஒலிம்பிக்கின்போது வந்திறங்கிய அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் இதைக் குழந்தை ஏற்றுமதி என்று எழுதியதும் எண்ணிக்கை சரியத் தொடங்கி, 1991க்குள் 1985ஆம் ஆண்டு அளவில் கால் பங்காயிற்று. சட்டம் செய்யாததை வெட்கம் செய்தது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. மேலே சொன்ன அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வந்த 2001 பிப்ரவரியில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. அதற்கு முன்பே வளர்ந்துவிட்டவர்களுள் சிலருக்கு, வளர்ப்புப் பெற்றோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலே விட்டிருந்தார்கள். ஏதாவது குற்ற வழக்கில் சிக்கியபோதுதான் தாங்கள் அமெரிக்கக் குடிமக்கள் அல்ல என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. அப்படிச் சிலர் நடுவயதில், ஒரு சொல்கூடக் கொரிய மொழி தெரியாமல், கொரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். மாஸ்கோவுக்கு வந்து இறங்கிய சிறுவனைப் போல இவர்களும் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான். இந்த முறை அனுப்பியது ஓர் அரசு. ரஷ்யா எழுப்பிய அளவுக்கு இதற்காக எந்தத் தலைநகரிலும் புயல் எழவில்லை.

கூச்சல் எழுந்த பின் அதை அடக்கத் தெரிந்தவர்களும் உண்டு. 2007 அக்டோபரில், ஆப்பிரிக்காவின் சாடு நாட்டில் உள்ள அபேஷே நகரில், பிரான்ஸின் 'ஆர்ஷ் த ஸோயே' என்ற அமைப்பினர் 103 பிள்ளைகளை விமானத்தில் ஏற்ற இருந்த நேரத்தில் பிடிபட்டார்கள். சூடானின் டார்பூர் போரில் அனாதையானவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுள் பெரும்பாலோர் சாடு நாட்டுப் பிள்ளைகள்; பெற்றோரோ பெற்றோராகக் கருதப்படும் பெரியவரோ அவர்களுக்கு இருந்தார்கள். காயமே இல்லாத உடம்புகளில் கட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு விவரத்தைத் தாண்டி என்னால் எளிதில் போக முடியவில்லை: யாரோ ஒருவர் பஞ்சும் துணியும் எடுத்து, நன்றாக இருக்கும் ஒரு குழந்தையின் கையில் பொறுமையாகச் சுற்றியிருக்கிறார்.

சாடு அதிபர் இத்ரிஸ் தெபி கொதித்தார். பிரான்ஸ் அதிபர் சார்கோசி தானே பறந்துபோய்ப் பத்திரிகையாளர்களையும் ஸ்பெயின் நாட்டு விமானப் பணிப்பெண்களையும் அழைத்துவந்தார். டிசம்பரில் ஆறு பிரெஞ்சுக்காரர்களுக்கு எட்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டு, இரு நாட்டு நீதித்துறை ஒப்பந்தத்தின்படி அவர்கள் பிரான்ஸுக்கு மாற்றப்பட்டார்கள். பிறகு 2008 பிப்ரவரித் தொடக்கத்தில் கிளர்ச்சியாளர்கள் தலைநகர் இஞ்சமெனாவுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். தெபியின் ஆட்சி பிழைக்கப் பிரான்ஸின் துணை வேண்டியிருந்தது. மார்ச் இறுதியில் ஆறு பேருக்கும் பொதுமன்னிப்பு வந்தது. தீர்ப்பில் குடும்பங்களுக்கு என்று விதிக்கப்பட்ட 60 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட இழப்பீட்டை யார் தருவது என்ற கேள்வியை இரு அரசுகளும் ஒன்றின் பக்கம் ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன.

ருமேனியாவின் கதை இதிலிருந்து சற்று வேறுபட்டது. அங்கே இரண்டு வல்லரசு வட்டங்கள் ஒரே பிள்ளையின் இரு கைகளையும் பிடித்து இழுத்தன. சர்வாதிகாரி சௌசெஸ்கு வீழ்ந்த பின், 1990, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் சுமார் 10,000 பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். நாளடைவில் அது பகிரங்கச் சந்தையாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் இதை நிறுத்து என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் எம்மா நிக்கல்சன் விடாப்பிடியாக நின்றார். 2001இல் தற்காலிகத் தடை வந்தது. ஏற்கெனவே விண்ணப்பித்துக் காத்திருக்கும் எங்கள் குடும்பங்களுக்கு வழிவிடு என்று அமெரிக்கா வற்புறுத்தியது. நேட்டோவில் சேர ருமேனியாவுக்கு அதன் ஆதரவு தேவைப்பட்டது. இறுதியில், பிள்ளையின் தாத்தா பாட்டி வெளிநாட்டில் இருந்தால் அவர்கள் மட்டும் தத்தெடுக்கலாம் என்ற சட்டம் 2005 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. எத்தனை காப்பகத்துப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் தாத்தா இருப்பார்? கதவைச் சாத்திவிட்டுச் சாவித்துவாரத்தை மட்டும் திறந்து வைத்தது போல.

வெளிநாட்டுத் தத்து பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இத்தகைய விவகாரங்களை அமைச்சர்களின் வாயிலிருந்து பிடுங்கி எழுத்தர்களின் மேசைக்குக் கொண்டுபோக முயன்றது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மைய அதிகார அமைப்பு, அது மற்ற நாட்டின் அமைப்போடு மட்டும் பேசும். பிறந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். ரஷ்யா 2000இல் கையெழுத்திட்டது, உறுதிசெய்யவே இல்லை. கொரியா 2013இல் கையெழுத்திட்டு, 2025 அக்டோபரில்தான் அதன் கீழ் வந்தது. அனுப்ப வேண்டியவர்களை எல்லாம் அனுப்பி முடித்த பிறகு என்று சொன்னால் கொஞ்சம் குரூரமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். விதிகள் இறுகியதும் அனுப்பும் நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்ததும் சேர்ந்து, 2004இல் சுமார் 23,000 ஆக இருந்த அமெரிக்காவின் வெளிநாட்டுத் தத்துகள் 2023இல் 1,275 ஆகச் சுருங்கின. 2024இல் சீனாவும் நிறுத்திக்கொண்டது.

அஸ்தாகொவ் வகித்த அந்தக் குழந்தை உரிமை ஆணையர் பதவிக்கு 2021இல் வந்தவர் மரியா லுவோவா-பெலோவா. உக்ரைனின் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து பிள்ளைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுசென்றதாக, 2023 மார்ச் 17 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவர் மீதும் புதின் மீதும் பிடியாணை பிறப்பித்தது. உக்ரைனின் அனாதைப் பிள்ளைகளுக்கு ரஷ்யக் குடியுரிமை வழங்குவதை எளிதாக்கும் ஆணையில் புதின் 2022 மேயில் கையெழுத்திட்டிருந்தார். குடியுரிமை வந்துவிட்டால் ரஷ்யக் குடும்பத்தில் வைப்பதற்குத் தடையில்லை. பெயரும் ஆவணமும் மாறிவிட்டால் தேடுவோருக்குத் தடமும் இல்லை. 19,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டதாக உக்ரைன் சொல்கிறது. தன் பிள்ளையை அந்நியர் வளர்க்கக் கூடாது என்று சட்டம் போட்ட அதே அரசு, பத்தாண்டுகளில் இந்த இடத்துக்கு வந்து நின்றது.

2024 நவம்பரில், பால் மாற்றத்தைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளின் குடிமக்கள் ரஷ்யப் பிள்ளைகளைத் தத்தெடுக்கக் கூடாது என்று ரஷ்யா இன்னொரு தடையையும் சேர்த்தது; ஏற்கெனவே அருகிப்போயிருந்த ஒன்றுக்கு மேலும் ஒரு பூட்டு. 2012 டிசம்பரில் அமெரிக்கத் தம்பதி ஒருவருக்காகக் காத்திருந்த ஆறு வயதுப் பிள்ளை யாராக இருந்தாலும், 2024இல் அவனுக்கோ அவளுக்கோ 18 வயதாகியிருக்கும். காப்பகத்தை விட்டு வெளியே போகும் வயது அது.